வீசிய குப்பை, கொட்டிய குப்பை: ஊர்கூடித் துப்புரவு பற்றி ஓர் எளிய விளக்கம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு மதுரை வண்டியூர்க் கண்மாய்க் கரையில் பத்துப் பேர் கையுறை மாட்டிக்கொண்டு சாக்கும் கையுமாகக் குனிந்து நின்றால், நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் மூன்று கேள்விகள். "எந்தக் கட்சிண்ணே?" என்பது முதலாவது. "கார்ப்பரேசன்ல எவ்வளவு குடுக்குறாக?" என்பது இரண்டாவது. மூன்றாவதைக் கேட்கிறவர் கொஞ்சம் நின்று, ஒரு பெருமூச்சும் விட்டுவிட்டுக் கேட்பார்: "இன்னைக்கு அள்ளுவீக, நாளைக்கு மறுபடி கொட்டுவாய்ங்க. எதுக்கு இந்த வேலை?"

முதல் இரண்டுக்கும் சிரித்துவிட்டுப் போகலாம். மூன்றாவது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தெரியாமல் சாக்கைத் தூக்கக் கூடாது.

தன்னார்வத் துப்புரவு என்றால் என்ன என்பதில் குழப்பம் இல்லை. ஒரு தெருக்காரர்களோ, நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களோ, காலை நடை நண்பர்களோ கூலி வாங்காமல் ஒரு பொது இடத்தில் கூடி, அங்கே சேர்ந்திருக்கும் குப்பையை அகற்றுகிறார்கள். ஆனால் அள்ளுவது இதில் பாதி வேலைகூட இல்லை. அந்தக் குப்பை அங்கே எப்படி வந்தது என்று கண்டுபிடிப்பதும், அள்ளியது எங்கே போகும் என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்வதும் மிச்ச வேலை. இந்த மிச்சத்தை விட்டுவிட்டு வெறுமனே அள்ளுவது, ஒழுகுகிற கூரைக்கு அடியில் சட்டி வைக்கிற மாதிரி. சட்டியும் வேண்டும்தான். ஓட்டை எங்கே என்று யாராவது மேலே ஏறியும் பார்க்க வேண்டும்.

இரண்டு குப்பைக்கும் ஊர் வேறு

பொது இடத்தில் கிடக்கும் குப்பையை இரண்டாகப் பிரித்துப் பார்க்கப் பழகிக்கொண்டால் பாதி விஷயம் தெளிந்துவிடும்: வீசிய குப்பை, கொட்டிய குப்பை.

வீசியது சின்னதாக இருக்கும், பரவலாகக் கிடக்கும். ஜிகர்தண்டா குடித்த பிளாஸ்டிக் கப்பு, பருத்திப்பால் வாங்கிய காகிதக் கப்பு, தண்ணீர் பாக்கெட், சிப்ஸ் உறை, பான் மசாலாச் சரம், சிகரெட் துண்டு. ஒவ்வொன்றையும் போட்டவர் வேறு வேறு ஆள். யாரும் திட்டம் போட்டு வரவில்லை. கையில் இருந்தது, தொட்டி கண்ணில் படவில்லை, ஏற்கெனவே அங்கே நாலு கிடந்தது, இவரும் போட்டுவிட்டார்.

'ஏற்கெனவே நாலு கிடந்தது' என்பது சாக்குப்போக்கு மட்டும் இல்லை. ராபர்ட் சியால்டினி என்ற அமெரிக்க உளவியலாளரும் அவர் குழுவினரும் 1990-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பொழுதுபோக்குப் பூங்காவுக்கு வந்தவர்கள் கையில் துண்டறிக்கையைக் கொடுத்து, அவர்கள் நடந்துபோகும் பாதையில் வேண்டுமென்றே சில தாள்களைப் போட்டு வைத்தார்கள். ஒன்றுமே கிடக்காத பாதையில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவாகவே கையிலிருந்ததைக் கீழே போட்டார்கள். எட்டு, பதினாறு தாள்கள் கிடந்தபோது பத்துக்கு நான்கு பேர் போட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், ஒரே ஒரு தாள் மட்டும் கிடந்தபோது போட்டவர்கள் எல்லாரையும் விடக் குறைவு. சுத்தமான இடத்தில் ஒற்றைக் குப்பை கிடந்தால் அது உறுத்துகிறது. உறுத்தலைப் பார்த்தவர் தன் தாளைப் பைக்குள் வைத்துக்கொள்கிறார்.

ஆகவே வீசிய குப்பைக்குத் துப்புரவே ஒரு மருந்து. அந்த இடம் சுத்தமாக இருக்கும் வரை அடுத்தவர் வீசுவது குறையும். மாதம் ஒருமுறை பெரிய கூட்டமாக வந்து போவதை விட, வாரம் ஒருமுறை நாலு பேர் அரைமணி நேரம் எட்டிப் பார்ப்பது நல்லது என்று நான் சொல்வதற்கும் இதுதான் காரணம்.

கொட்டிய குப்பையின் கதை வேறு. அது ஓரிடத்தில் குவியலாக இருக்கும், ஒரே மாதிரிப் பொருளாக இருக்கும், பெரும்பாலும் ராத்திரியில் வண்டியில் வந்திருக்கும். வீடு இடித்த ரப்பீஸ், கறிக்கோழிக் கடையின் இறகும் குடலும், தையல் கடைத் துண்டுத் துணி மூட்டைகள், பழைய மெத்தை, மண்டபத்து எச்சில் இலையும் டம்ளரும், சில நேரம் மருந்துப் பாட்டிலும் ஊசியும். இடமும் யோசித்துத் தேர்ந்ததாக இருக்கும். சுற்றுச்சாலை ஓரம், கண்மாயின் பின்கரை, தெருவிளக்கு இல்லாத வாய்க்கால் பாலம், மாநகராட்சி எல்லை முடிந்து ஊராட்சி தொடங்கும் அந்த ஐம்பது அடி. எல்லையில் கொட்டினால் இரண்டு பக்கத்து அலுவலகமும் 'அது எங்க ஏரியா இல்லை' என்று சொல்ல வசதி.

இதற்குப் பின்னால் இருப்பது பழக்கம் இல்லை, கணக்கு. குளியலறையை இடித்துக் கட்டும் வீட்டுக்காரர் ரப்பீஸை அகற்ற ஒரு குட்டியானை வண்டிக்காரரிடம் பேசி, நடைக்கு இவ்வளவு என்று கொடுக்கிறார். அது எங்கே போகிறது என்று கேட்பதில்லை. வண்டிக்காரருக்கு டீசல் செலவு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு லாபம். ஆக, பக்கத்தில் எந்தப் பள்ளம் இருக்கிறதோ அங்கே கவிழ்த்துவிடுகிறார். அந்தப் பள்ளம் ஓர் ஊருணியாக இருக்கலாம். அகற்றும் செலவு மறைந்து போகவில்லை. வீட்டுக்காரர் தலையிலிருந்து ஊர் தலைக்கு மாறியிருக்கிறது, அவ்வளவே. செப்டிக் டேங்க் லாரிக்கும் இதே கணக்கு. அவனியாபுரத்திலும் சக்கிமங்கலத்திலும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கும்போதும், தூரத்தை மிச்சம் பிடிக்க வாய்க்காலில் குழாயைத் திறந்துவிடுகிற லாரிகள் உண்டு.

இந்தக் கணக்கை நீங்கள் அள்ளுவது மாற்றாது. சொல்லப்போனால் கொட்டுகிறவருக்கு உதவிதான்: பள்ளம் காலியானால் அடுத்த நடைக்கு இடம். கொட்டிய குப்பைக்கு வேண்டியது முதலில் பதிவு, பிறகு புகார், பிறகு வழி மறிப்பு, கடைசியாகத்தான் மண்வெட்டி.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், தெருவிலோ பொது இடத்திலோ வாய்க்காலிலோ நீர்நிலையிலோ குப்பையை வீசுவது, எரிப்பது, புதைப்பது எல்லாவற்றையும் தடுத்தன. மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் குப்பை என மூன்றாகப் பிரிக்கச் சொன்னதும் அவைதான். 2026 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்த புதிய விதிகள் நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன. நாப்கின், டயப்பர் போன்றவை தனி வகை. கட்டட இடிபாட்டுக்கும் மருத்துவக் கழிவுக்கும் வேறு வேறு விதிகள் உண்டு. 2024 டிசம்பரில் கேரளத்து மருத்துவக் கழிவு திருநெல்வேலி மாவட்டத்தில் கொட்டப்பட்டு, பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவால் கேரள அரசே லாரி கொண்டுவந்து திரும்ப அள்ளிப் போனது நினைவிருக்கும். அதன் தொடர்ச்சியாக, மருத்துவக் கழிவைக் கொட்டுகிறவர்களைக் குண்டர் சட்டத்தில் அடைக்க வழிசெய்யும் திருத்தத்தை 2025-இல் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றியது. சட்டம் போதவில்லை என்று சொல்ல முடியாது. கொட்டியவர் யார் என்று காட்டுகிற சான்றுதான் எப்போதும் இல்லாமல் போகிறது. அந்த இடத்தில் நாலு தன்னார்வலர்களும் ஒரு செல்போன் கேமராவும் பயன்படும்.

மதுரையில் குப்பை தண்ணீர் வழியாக நடக்கும்

2025 ஜூலையில் வெளியான, நகரங்களின் தூய்மையைத் தரவரிசைப்படுத்தும் ஸ்வச் சர்வேக்ஷன் பட்டியலில், 10 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள 40 நகரங்களில் மதுரை 40-ஆவது. அளவுகோல் சரியா தவறா என்று கொஞ்ச நாள் காரசாரமாகப் பேசினோம். பட்டியலை விடுங்கள். நம் ஊரின் அமைப்பைப் பார்த்தால் எந்த இடத்தில் சாக்கைத் தூக்க வேண்டும் என்பது தெரியும்.

மதுரையும் சுற்றுவட்டாரமும் கண்மாய்ச் சங்கிலி. மேல் கண்மாய் நிறைந்து கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்தால், அந்தத் தண்ணீர் வாய்க்கால் பிடித்து அடுத்த கண்மாய்க்கு வரும். கடைசியில் வைகையிலோ வேறோர் ஆற்றிலோ சேரும். இந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணியில் நீங்கள் ஒரு தெர்மாகோல் தட்டைப் போட்டாலும் அது கீழ்க்கண்ணிக்குப் போய்ச் சேரும். ஊருக்குள் ஓடும் கிருதுமால் இன்றைக்கும் பெயரளவில் நதிதான். பார்க்கிறவர் கண்ணுக்குச் சாக்கடை. வைகையோ வருசநாட்டு மலையில் பிறந்து 258 கிலோமீட்டர் ஓடி ராமநாதபுரம் பெரிய கண்மாய்ப் பக்கம் போகிறது. நாம் ஆரப்பாளையத்துக் கரையில் விட்டது வெள்ளம் வரும் வருசத்தில் அங்கேயும் தலைகாட்டும்.

செல்லூரை எடுத்துக்கொள்ளுங்கள். செல்லூர்க் கண்மாயின் உபரி நீர் பந்தல்குடி வாய்க்கால் வழியாக வைகைக்குப் போக வேண்டும். 2024 அக்டோபர் கடைசியில் சற்று நேரத்தில் கொட்டித் தீர்த்த மழையில் அந்தப் பக்கத் தெருக்களில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. மழை அதிகம்தான், ஆனால் வண்டலும் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் அடைத்த வாய்க்கால் சாதாரண மழையைக்கூடத் தாங்காது. 2025 மே மாதம் முதலமைச்சர் வருகையின்போது இதே வாய்க்காலைத் துணி கட்டி மறைத்தது செய்தியானது. திரை கட்டிய செலவில் எத்தனை நடை குப்பை எடுத்திருக்கலாம் என்று ஊரில் கேட்காதவர் இல்லை.

இதிலிருந்து இரண்டு செய்தி. ஒன்று, இடத்தேர்வு. பரந்த கண்மாய் முழுவதையும் சுத்தம் செய்கிறேன் என்று இறங்காதீர்கள். வாய்க்கால் கண்மாயில் சேரும் வாய், பாலத்தடி, மடை, கலுங்கு. குப்பை தானாக வந்து சேருகிற இந்த இடங்களில் செய்யும் ஒரு மணி நேரம், கரை முழுக்க அலைந்து பொறுக்குகிற ஒரு நாளைக்குச் சமம். இரண்டாவது, காலம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் வாய்க்கால் காய்ந்திருக்கும்போது எடுத்தால் குப்பை லேசாக இருக்கும், மழை வந்தால் தண்ணீருக்கும் வழி இருக்கும். நவம்பரில் சேற்றோடு எடுத்தால் சாக்குக்குப் பாதி சேறுதான் கனக்கும்.

அள்ளுவதற்கு முன் இரண்டு பேரைப் பாருங்கள்

முதல் ஆள், இடத்துக்குப் பொறுப்பானவர். பொது இடம் என்பதால் யாரும் புகுந்து வேலை செய்யலாம் என்று நினைப்பது தவறு. கண்மாய் என்றால், 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ளது நீர்வளத்துறையிடம், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடம் இருக்கும். ஊருக்குள் தெருவும் வடிகாலும் மாநகராட்சி. மதுரை மாநகராட்சிக்கு 100 வார்டு, ஐந்து மண்டலம். உங்கள் வார்டின் சுகாதார ஆய்வாளர் யார் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஆணையர் வரை போக வேண்டிய அவசியம் அநேகமாக வராது.

கீழக்குயில்குடி சமணர் மலைக்குத் துப்புரவுக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் ஆயிரம் வருசத்துக்கு முந்தைய சமணச் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் இருக்கின்றன. பாட்டில் பொறுக்கலாம், உறை பொறுக்கலாம். பாறையில் எவரோ எழுதிவைத்த காதலர் பெயரை அழிக்கிறேன் என்று கம்பி பிரஷும் ஆசிடும் எடுத்தால், பெயரோடு கல்வெட்டும் போகும். அதைத் துறையின் ஆட்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

இரண்டாவது ஆள் இன்னும் முக்கியம்: மூட்டையை எடுத்துப் போகிறவர். நான் பார்த்தவற்றில் பாதிக்கு மேற்பட்ட துப்புரவுகள் சொதப்புவது இங்கேதான். காலையில் நாற்பது பேர் உற்சாகமாக அள்ளி, அறுபது மூட்டை கட்டி, கரையில் வரிசையாக அடுக்கி, படம் எடுத்துக்கொண்டு டிபன் சாப்பிடப் போய்விடுவார்கள். வண்டி வராது. ரெண்டாம் நாள் நாய் கிழிக்கும், மூன்றாம் நாள் மாடு மேயும், ஒரு வாரத்தில் பழையபடி. முன்பு பரவலாகக் கிடந்தது இப்போது குவியலாகக் கிடக்கும், அதைப் பார்த்துப் பக்கத்துத் தெருக்காரர்களும் 'இங்கே போடலாம் போல' என்று ஆரம்பிப்பார்கள். எந்த வண்டி, எத்தனை மணிக்கு, ஓட்டுநர் கைப்பேசி எண் என்ன என்பது முந்தின நாளே கையில் இல்லாவிட்டால் நிகழ்ச்சியைத் தள்ளிவையுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

எல்லா மூட்டையும் மாநகராட்சியின் வெள்ளக்கல் குப்பைக் கிடங்குக்குப் போக வேண்டியதும் இல்லை. அள்ளும்போதே நாலு சாக்கு வைத்துப் பிரியுங்கள். தண்ணீர் பாட்டில், அட்டை, இரும்பு, தகரம், கெட்டி பிளாஸ்டிக் ஆகியவற்றைக் காயலாங்கடைக்காரர் எடைக்கு எடுப்பார். அந்தக் காசில் அடுத்த முறைக்குக் கையுறை வாங்கலாம். கண்ணாடி தனி. சிப்ஸ் உறை, ஷாம்பு பாக்கெட் போன்ற பளபளப்புத் தாள்களைக் கடைக்காரர் திரும்பியும் பார்க்க மாட்டார். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிய அடுக்குகள் அவை, பிரிக்க முடியாது. அவை மாநகராட்சி வண்டிக்கு. ஊசி, மருந்துப் பாட்டில், ரத்தக் கறை படிந்த பஞ்சு தென்பட்டால் தொடவே தொடாதீர்கள். இடத்தைச் சுற்றி நாலு கல்லை வைத்துவிட்டு, படமெடுத்து, சுகாதார ஆய்வாளருக்குச் சொல்லுங்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் அப்படித்தான், உடைத்தால் தூசி நுரையீரலுக்குப் போகும்.

எரிப்பதும் கூடாது. 'காஞ்ச சருகுதானே, ஒரு தீக்குச்சி போதும்' என்று ஒரு பெரியவர் கட்டாயம் சொல்வார். அந்தச் சருகோடு பாலித்தீனும் கிடக்கும். அதிலிருந்து எழும் புகை நஞ்சு, சட்டப்படி குற்றமும்கூட.

கையில் என்ன, காலில் என்ன

தடித்த ரப்பர் கையுறை, மூடிய காலணி, முழுக்கால் சட்டை, தொப்பி. மெல்லிய அறுவைச் சிகிச்சைக் கையுறை கண்ணாடிச் சில்லுக்குத் தாங்காது. மண்வெட்டி இரண்டு, கடப்பாரை ஒன்று, சாந்துச் சட்டி நாலைந்து, நீளக் கம்பில் கட்டிய கொக்கி, பழைய உரச்சாக்கு வேண்டிய மட்டும். கறுப்புப் பாலித்தீன் பை வாங்காதீர்கள். கிழியும், அதுவே இன்னொரு குப்பை. 'மாபெரும் தூய்மைப் பணி' என்று பிளெக்ஸ் அடிக்கிறவர்களிடமும் இதையே சொல்லிப் பார்க்கலாம், கேட்பார்கள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

குவியலைக் கையால் புரட்டாதீர்கள். கம்பால் தட்டி, கொஞ்சம் பொறுத்துப் பிறகு கிளறுங்கள். ரப்பீஸ் குவியலில் எலி இருக்கும், எலி இருந்தால் பாம்பு இருக்கும். ஈர இடத்தில் கால்புண்ணோடு இறங்கினால் எலிக்காய்ச்சல் வர வாய்ப்புண்டு. புண் உள்ளவர்களைக் கரையில் பிரிக்கிற வேலையில் உட்கார வையுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு நாளாகியிருந்தால் போட்டுக்கொள்வது நல்லது. சித்திரை, வைகாசி வெயிலில் ஒன்பது மணிக்கு மேல் யாரையும் நிறுத்தாதீர்கள். வைகைக்குள் இறங்குவதானால் அணையில் தண்ணீர் திறந்திருக்கிறார்களா என்று முந்தின நாள் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

பாதாளச் சாக்கடைக்குள்ளோ கழிவுத் தொட்டிக்குள்ளோ எந்தச் சூழ்நிலையிலும் இறங்கக் கூடாது, ஆர்வத்தில் ஓர் இளவட்டம் மூடியைத் திறந்தாலும் தடுத்துவிடுங்கள். உள்ளே நிற்கும் வாயு ஒரே மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். மனிதரை அதில் இறக்குவதைத் தடைசெய்ய 2013-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது.

அந்தச் சட்டம் எதற்காக வந்தது என்று நினைத்துப் பார்த்தால் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நாம் இரண்டு மணி நேரம் கையுறை போட்டுக் குனிந்ததற்குச் செய்தித்தாளில் படம் வருகிறது. தினமும் விடிவதற்கு முன் தள்ளுவண்டியோடு வருகிற தூய்மைப் பணியாளர்களுக்கு, தலைமுறை தலைமுறையாக ஒருசில சாதியாரின் தலையிலேயே கட்டப்பட்ட இந்த வேலைக்கு, கையுறைகூடச் சரியாகக் கிடைப்பதில்லை. அவர்களைக் கூப்பிட்டு நம் மூட்டைகளைத் தூக்க வைப்பது துப்புரவு ஆகாது. எந்த மூலையில் யார் கொட்டுகிறார்கள், எந்த மண்டபத்து வண்டி எத்தனை மணிக்கு வரும் என்பது அவர்களுக்கு நம் எல்லாரையும் விட நன்றாகத் தெரியும். முதல் நாளே ஒரு டீ வாங்கிக் கொடுத்து உட்கார்ந்து கேட்டால், உங்கள் திட்டத்தில் பாதியை அந்த அக்காவே போட்டுக் கொடுத்துவிடுவார். தன்னார்வலர்கள் பார்க்கிறார்களே என்று பணியாளர் எண்ணிக்கையைக் குறைக்க யாராவது யோசித்தால், அந்த இடத்தில் சாக்கைக் கீழே வைத்துவிடுவதே சரி.

எண்ணாமல் அள்ளாதீர்கள்

1986-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் கடற்கரையில் லிண்டா மரானிஸ், கேத்தி ஓ'ஹாரா என்ற இரண்டு பெண்கள் ஒரு துப்புரவை ஏற்பாடு செய்தார்கள். சுமார் 2,800 பேர் வந்து, 124 டன் எடுத்தார்கள். அந்த நாளைப் பெரிதாக்கியது எடை இல்லை. வந்தவர்கள் கையில் ஓர் அட்டையைக் கொடுத்து, எடுத்த ஒவ்வொரு பொருளும் என்ன, எத்தனை என்று குறிக்கச் சொன்னார்கள். குளித்து விளையாட வந்தவர்கள் போட்டது எவ்வளவு, கடலில் போகிற கப்பல்களிலிருந்து வந்தது எவ்வளவு என்று பேச அந்த அட்டைகள் ஆதாரமாயின. இன்று செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை உலகம் முழுக்க நடக்கும் கடற்கரைத் துப்புரவு அங்கே பிறந்தது.

கொட்டிய குப்பைக்கு எஸ்டோனியா நாட்டைப் பார்க்க வேண்டும். அங்கே 2008 மே 3 அன்று சுமார் 50,000 பேர் ஒரே நாளில் 10,000 டன் அளவுக்குக் காட்டிலும் சாலையோரத்திலும் கள்ளத்தனமாகக் கொட்டியிருந்ததை அகற்றினார்கள். நாட்டின் மக்கள்தொகையே 13 லட்சத்தை ஒட்டித்தான். ஆனால் அள்ளியது ஒரு நாள் என்றால், அதற்கு முன் பல மாதம் எங்கெங்கே குவியல் இருக்கிறது என்று படமெடுத்து வரைபடத்தில் குறித்துக்கொண்டே இருந்தார்கள்.

நமக்கு இதற்குப் பெரிய செயலி எதுவும் வேண்டாம். நாற்பது பக்க நோட்டு ஒன்று, எழுத ஒருவர். தண்ணீர் பாக்கெட், கப்பு, உறை, மதுப்பாட்டில், துணி, ரப்பீஸ், கறிக்கழிவு என்று கோடு போட்டு, கூப்பிடக் கூப்பிடக் கோடு கிழித்துக்கொண்டே போகலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்ற வேலை இது, கண்ணாடியும் அழுக்கும் படாமல் பார்த்துக்கொள்ளலாம். குவியல் என்றால் தேதியும் நேரமும் பதிவாகும்படி படம். அதில் பில்லோ, கூரியர் உறையோ, மண்டபத்துப் பத்திரிகையோ கிடந்தால் அதற்கும் ஒரு படம். கொட்டியவர் முகவரியைக் குப்பையே சொல்லும் சந்தர்ப்பம் நிறைய உண்டு.

இந்த நோட்டு எதற்கு என்று இரண்டாவது வாரமே தெரியும். தண்ணீர் பாக்கெட்டும் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும்தான் அதிகம் என்று வந்தால், இரண்டுமே தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டவை. நீங்கள் பேச வேண்டியது நடந்துபோகிறவரிடம் இல்லை. பக்கத்துக் கடைக்காரரிடம், அவர் கேட்காவிட்டால் அவருக்குச் சரக்குக் கொடுப்பவர் மீது மாநகராட்சியிடம். மதுப்பாட்டில் அதிகம் என்றால் கேட்க வேண்டியது வேறு. நீலகிரியில் 2022-இல் டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை வந்தது, பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. பத்து ரூபாய் என்றதும் பாட்டில் காட்டில் உடைவது குறைந்து, கடைக்கு நடக்க ஆரம்பித்தது. அறிவுரையை விடப் பத்து ரூபாய் நன்றாக வேலை செய்யும் இடங்கள் உண்டு.

ரப்பீஸும் கறிக்கழிவும் என்றால் வண்டி வரும் வழியைப் பாருங்கள். கரையில் வண்டி ஏறுகிற இடத்தில் நாலு பெரிய கல் அல்லது ஒரு குறுக்குப் பள்ளம், ஒரு தெருவிளக்கு. இந்த மூன்றில் ஒன்றை அலுவலகத்திடம் கேட்டு வாங்கிவிட்டால் பத்துத் துப்புரவுக்குச் சமம். சுவரில் சாமி படம் வரைகிற யோசனையும் ஊரில் உண்டு. சிறுநீர் கழிப்பவரை அது தடுப்பதைப் பார்த்திருக்கிறேன். ராத்திரி வண்டிக்காரரிடம் செல்லவில்லை. வண்டி எண்ணோடு படம் கிடைத்தால் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரியில் தனியாகப் போய் வண்டியை மறிக்கிற வீரம் வேண்டாம். ஊராட்சிப் பகுதி என்றால் வருசத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது, அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். கண்மாய்க் குப்பையின் நோட்டை எடுத்துக்கொண்டு போய்த் தீர்மானமாக எழுத வைக்க அதைவிடப் பொருத்தமான நாள் கிடைக்காது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் மனு வாங்குகிறார்கள். அங்கேயும் வாய்ப்பேச்சை விட நோட்டுக்குத்தான் மரியாதை.

கூட்டம் கூடும் நாட்களில்

சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் ஆற்றில் இறங்கும்போது வைகைக் கரை எப்படி இருக்கும் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் காலை எப்படி இருக்கும் என்பதும் தெரியும். இந்த மாதிரி நாட்களில் பின்னால் போய் அள்ளுவதை விட முன்னால் போய்ப் பேசுவது பலன் தரும். மோர்ப் பந்தலும் அன்னதானமும் நடத்துகிறவர்கள் மண்டகப்படிக்காரர்கள், தெருச் சங்கங்கள், நமக்குத் தெரிந்த முகங்கள்தான். பத்து நாளுக்கு முன்பே போய், 'அண்ணே, தொன்னையிலும் வாழை இலையிலும் கொடுங்க, எச்சில் இலை போட ரெண்டு கூடை நாங்களே கொண்டுவந்து வைக்கிறோம், நிரம்பினா நாங்களே மாத்துறோம்' என்று சொன்னால் மறுக்கிறவர் குறைவு. 100 பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி என்றால் நடத்துகிறவர் மூன்று வேலை நாளுக்கு முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவித்து, குப்பையைப் பிரித்து ஒப்படைக்க வேண்டும் என்று 2016 விதிகளே சொன்னதையும் கூடவே காதில் போடலாம், மிரட்டலாக இல்லாமல்.

கூடை வைப்பதிலும் ஒரு நுணுக்கம். பந்தலில் இலையை வாங்கியவர் நின்ற இடத்தில் சாப்பிட மாட்டார், நடந்துகொண்டே சாப்பிடுவார். ஆகவே கூடையைப் பந்தலுக்குப் பக்கத்தில் வைத்தால் காலியாகவே இருக்கும். கூட்டம் நகரும் திசையில், சாப்பிட்டு முடிகிற தூரத்தில் வைக்க வேண்டும். எவ்வளவு தூரம் என்று முதல் நாள் பந்தலில் நின்று பார்த்தால் தெரிந்துவிடும்: கீழே விழுந்த இலைகள் எங்கே கூடுதலாகக் கிடக்கின்றனவோ, மறுநாள் கூடைக்கு அதுவே இடம்.